மாநிலம் தாண்டி வந்த அவதூறுக்கு எந்த ஊர் கோர்ட்?

கேள்வி சுருக்கமாக இது. மதுரையில் கல்யாண மண்டப அலங்காரத் தொழில் செய்பவர் ஒருவர். பழைய கூட்டாளி கணக்கு முடித்துப் பிரிந்து இப்போது பெங்களூரில் இருக்கிறார். அங்கிருந்தபடியே மதுரை வாடிக்கையாளர்களைப் போனில் கூப்பிட்டு, "அவன் அட்வான்ஸ் வாங்கிட்டுக் கம்பி நீட்டுறவன்" என்று சொல்கிறார். பெங்களூரில் நடந்த ஒரு தொழில் சங்கக் கூட்டத்திலும் மைக்கைப் பிடித்து அதையே பேசியிருக்கிறார். மூன்று ஆர்டர் போய்விட்டது. வழக்கை மதுரையிலேயே போடலாமா, பெங்களூருக்கு அலையத்தான் வேண்டுமா?

போனில் பேசியதற்கு மதுரையில் போடலாம். சங்கக் கூட்டத்தில் பேசியதற்கு மதுரையில் போட முடியாது. ஒரே ஆள், ஒரே வாசகம், இருந்தாலும் இரண்டு பதில். பேசிய வாய் எந்த ஊரில் இருந்தது என்பதோடு, கேட்ட காது எந்த ஊரில் இருந்தது என்பதையும் சட்டம் பார்க்கிறது என்பதே காரணம். உங்கள் வீடு எந்த ஊரில் என்பது கணக்கிலேயே வராது. பலரும் இடறி விழுவது இங்கேதான். "என் மானம் மதுரையில்தானே போச்சு" என்பது மனசுக்குச் சரி, அதிகார வரம்புக்கு அது மட்டும் போதாது.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 19 இதைத்தான் சொல்கிறது. ஒருவருக்குத் தீங்கு நடந்த இடம் ஒரு கோர்ட்டின் எல்லைக்குள்ளும், செய்தவர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம் வேறொரு கோர்ட்டின் எல்லைக்குள்ளும் இருந்தால், எங்கே போடுவது என்பது வாதியின் விருப்பம். அந்தப் பிரிவுக்குக் கீழே உள்ள உதாரணமே அவதூறுதான்: டெல்லியில் குடியிருப்பவர் கல்கத்தாவில் ஒருவரைப் பற்றி அவதூறு வெளியிட்டால், பாதிக்கப்பட்டவர் கல்கத்தாவிலும் வழக்குப் போடலாம், டெல்லியிலும் போடலாம். சட்டப் புத்தகத்தில் உங்கள் கேள்வியை யாரோ முன்பே கேட்டுவைத்த மாதிரி இருக்கும்.

அவதூறில் "தீங்கு நடந்த இடம்" என்பது மூன்றாம் மனிதர் அதைக் கேட்டுப் புரிந்துகொண்ட இடம். சட்ட மொழியில் அதற்கு வெளியீடு என்று பெயர். உங்களிடம் மட்டும் நேரில் திட்டினால் வெளியீடே இல்லை. பெங்களூரிலிருந்து வந்த போனை மதுரையில் இருந்த வாடிக்கையாளர் எடுத்துக் கேட்டார் என்றால் வெளியீடு மதுரையில் நடந்தது. சங்கக் கூட்டத்தில் பேசியவரும் கேட்டவர்களும் பெங்களூர் மண்டபத்துக்குள் இருந்ததால் வெளியீடு அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்தது. கூட்டத்துக்குப் போன மதுரைக்காரர் ஒருவர் ஊருக்கு வந்து நாலு பேரிடம் சொன்னால் அது அவர் செய்த புது வெளியீடு. அதை வைத்துப் பெங்களூர்க்காரரை மதுரைக்கு இழுப்பது கஷ்டம்.

இதில் ஒரு நுணுக்கம். வாடிக்கையாளர் மதுரைக்காரர்தான், ஆனால் அந்தப் போன் வந்தபோது அவர் கோயம்புத்தூரில் ஒரு விசேஷத்தில் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காது கோயம்புத்தூரில் இருந்தது. குறுக்கு விசாரணையில் இது வெளிவந்தால் மதுரை கோர்ட்டின் அதிகார வரம்பே ஆட்டம் காணும். ஆகவே ஒவ்வொரு சாட்சியிடமும் முதலில் கேட்க வேண்டியது "என்ன சொன்னான்?" என்பதை அல்ல, "போனை எடுத்தப்போ நீங்க எங்கே இருந்தீங்க?" என்பதை.

இப்போது உங்கள் முன் உள்ள உண்மையான தேர்வு இதுதான். மதுரையில் போட்டால் போன் அழைப்புகள் மட்டுமே வழக்கில் நிற்கும். பெங்களூரில் போட்டால், பிரதிவாதி அங்கே குடியிருப்பதால், போன், கூட்டம் இரண்டையும் ஒரே வழக்கில் சேர்க்கலாம். நஷ்டம் முழுக்கப் போன் அழைப்பால் வந்தது, கூட்டப் பேச்சால் ஒரு ஆர்டரும் போகவில்லை என்றால் கூட்டத்தை விட்டுவிட்டு மதுரையில் போடுவதே புத்திசாலித்தனம். இரண்டையும் மதுரை வழக்கில் திணித்தால், பிரதிவாதியின் வக்கீல் முதல் வேலையாக அதிகார வரம்பைக் கேள்வி கேட்டு மனுப் போடுவார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 7 விதி 10-இன்படி பிராது (வழக்கு மனு) உங்களிடமே திருப்பித் தரப்பட்டால் சரியான கோர்ட்டில் மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். தவறான கோர்ட்டில் நல்லெண்ணத்தோடு கழித்த காலத்தைக் காலவரையறைச் சட்டம் பிரிவு 14 கழித்துக் கொடுக்கும். ஆனால் "நல்லெண்ணத்தோடு, உரிய கவனத்தோடு" நடந்தீர்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

காலவரையறை என்றதும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் அவதூறு வழக்குகள் செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான். நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்குக் கெடு ஒரே ஒரு வருஷம். எழுத்து அவதூறுக்குக் காலவரையறைச் சட்டத்தின் 75-ஆம் உறுப்பு, வெளியான நாளிலிருந்து ஒரு வருஷம். வாய்மொழி அவதூறுக்கு 76-ஆம் உறுப்பு, சொல் சொல்லப்பட்ட நாளிலிருந்து ஒரு வருஷம். அந்தச் சொல் தன்னளவிலேயே, அதாவது நஷ்டத்தைக் காட்டாமலே, வழக்குக்கு உரியதல்ல என்றால், அதனால் குறிப்பிட்ட நஷ்டம் ஏற்பட்ட நாளிலிருந்து ஒரு வருஷம். இந்த இரண்டாம் வழியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். "முன்பணத்தைச் சுருட்டினான்" என்பது குற்றம் செய்தான் என்று சொல்வது, தொழில் நாணயத்தைக் கெடுப்பது. எந்த அளவுகோலில் பார்த்தாலும் தன்னளவிலேயே வழக்குக்கு உரிய சொல் அது. கடிகாரம் சொல்லப்பட்ட நாளிலேயே ஓடத் தொடங்கிவிட்டது.

2025 ஆகஸ்ட் 14-ஆம் தேதி வந்த அழைப்புக்கு வழக்குப் போடக் கடைசி நாள் 2026 ஆகஸ்ட் 14. செப்டம்பரில் வந்த இன்னொரு அழைப்புக்குத் தனிக் கெடு. ஒவ்வொரு அழைப்பும் தனித்தனி வெளியீடு என்பதால் ஒன்று காலாவதியானாலும் மற்றது உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். கடைசி நாள் கோடை விடுமுறையில் விழுந்தால் கோர்ட் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். மேலே சொன்ன பிரிவு 14 தவிர வேறு சலுகை கிடையாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லும், அதே சட்டத்தின் பிரிவு 5 மனுக்களுக்கும் மேல்முறையீடுகளுக்கும்தான், அசல் வழக்குக்கு அல்ல. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் காலம் நிற்கும் என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நிற்காது. நோட்டீஸ், பதில் நோட்டீஸ், மறுபதில், பெரியவர்களை வைத்துப் பேச்சுவார்த்தை என்று எட்டு மாதம் போய், பதினோராம் மாதத்தில் வக்கீலைத் தேடி ஓடுவது வாடிக்கையாக நடக்கிற கதை.

இந்தியாவில் அவதூறு சிவில் தவறு மட்டுமல்ல, குற்றமும்கூட. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். 2024 ஜூலை 1 முதல் பேசியதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356. அதற்கு முன் பேசியதற்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 499, 500. தண்டனை இரண்டு வருஷம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. குற்றவியல் அவதூறு அரசியல் சட்டப்படி செல்லும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே கெடு மூன்று வருஷம். சிவில் கெடுவைத் தவறவிட்டவர்கள் கடைசியில் வந்து நிற்கும் வாசல் இது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதில் பெரிதாகப் பயனில்லை. இது போலீஸ் தானாக எஃப்ஐஆர் போடக்கூடிய குற்றம் அல்ல. மனு ரசீது கிடைக்கும், எதிராளியைப் போனில் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார்கள், அதோடு சரி. "எந்த ஊர் ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாமே" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்: போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றங்களுக்குத்தான் ஜீரோ எஃப்ஐஆர். அவதூறுக்கு வழி, பாதிக்கப்பட்டவர் தானே நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்ட்ரேட்) கொடுக்கும் தனிநபர் புகார்.

"பாதிக்கப்பட்டவர்" என்ற சொல்லுக்கு இங்கே எடை அதிகம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 222, புகார் கொடுக்கும் உரிமையை அவருக்குத்தான் தருகிறது, விதிவிலக்குகள் குறைவு. நடிகை குஷ்பு சொன்ன கருத்துக்காகப் பல ஊர்களில் தொடுக்கப்பட்ட புகார்களை 2010-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, புகார் கொடுத்தவர்கள் சட்டம் சொல்லும் பொருளில் பாதிக்கப்பட்டவர்களே அல்ல என்பது. உங்கள் விஷயத்தில் இதன் நடைமுறைப் பொருள்: தொழில் உங்கள் தனிப் பெயரில் இருந்தால் நீங்கள் கொடுங்கள், கம்பெனியைப் பற்றிப் பேசியிருந்தால் கம்பெனி சார்பில் அதிகாரம் பெற்றவர் கொடுக்கட்டும். கோபத்தில் தம்பியோ மைத்துனரோ போய்க் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம்.

எதிராளி வெளிமாநிலத்தில் இருக்கும்போது குற்றவியல் புகாரில் இரண்டு கூடுதல் படிகள் வரும். முதலாவது, பிரிவு 223. நடுவர் புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிராளிக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். புதிய சட்டத்தில் வந்த மாற்றம் இது. அதற்கான நோட்டீஸ் பெங்களூர் போய்ச் சேர்ந்து, அவர் வக்கீல் வைத்து வாய்தா வாங்கி என்று சில மாதம் இதிலேயே போகும். இரண்டாவது, பிரிவு 225. குற்றம் சாட்டப்பட்டவர் நடுவரின் எல்லைக்கு வெளியே குடியிருந்தால், சம்மன் அனுப்பும் முன் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். இது விருப்பப் படி அல்ல, கட்டாயம். நடுவர் இதைத் தாண்டிப் போய் நேரடியாகச் சம்மன் அனுப்பிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். எதிராளி உயர் நீதிமன்றம் போனால் அந்த ஒரே காரணத்துக்காகச் சம்மன் உத்தரவு ரத்தாகலாம். புகாரோடு சாட்சிப் பட்டியலையும் கொடுத்து, போனை எடுத்த வாடிக்கையாளரை அந்த விசாரணையிலேயே ஆஜர்படுத்தி வாக்குமூலம் பதியவைத்து, உத்தரவில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று உங்கள் வக்கீல் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மதுரையில் புகார் போடுவதில் மறைமுகமான ஒரு லாபம் உண்டு. புகாரை ரத்து செய்யக் கோரும் மனுவை அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில்தான் போட வேண்டும், பெங்களூரில் அல்ல. அதேபோல, நீங்கள் பெங்களூரில் குற்றவியல் புகார் போட்டால் உங்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. அவதூறு ஒரு சம்மன் வழக்கு. அதில் புகார்தாரர் வாய்தாவுக்கு வரவில்லை என்றால் எதிராளியை விடுதலையே செய்துவிடலாம். புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 279 அதற்கு முன் 30 நாள் அவகாசம் தரச் சொல்கிறது என்பது ஆறுதல்தான், ஆனால் விடுதலை விடுதலைதான். அதே புகாரை மறுபடி போட முடியாது. மாதத்துக்கு ஒரு வாய்தா என்று பெங்களூருக்கு ரயில் ஏறத் தெம்பில்லாதவர்கள் அங்கே குற்றவியல் புகார் போடாமல் இருப்பது நல்லது.

சிவிலா, கிரிமினலா என்று கேட்டால்: பணம் போயிருக்கிறது, அதற்குக் கணக்குக் காட்ட முடியும் என்றால் சிவில். மன்னிப்பும், வாயை மூட வைப்பதும்தான் வேண்டும் என்றால் கிரிமினல். குற்றவியல் அவதூறு வழக்கைப் பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்து முடித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. வெளிமாநிலத்திலிருந்து நாலு தடவை வந்து போனவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்வது அடிக்கடி நடப்பது.

சரி, பிராதில் என்ன எழுத வேண்டும்? "பிரதிவாதி என்னைப் பற்றிப் பலரிடம் அவதூறாகப் பேசி வருகிறார்" என்று எழுதினால் அது பிராதே அல்ல, புலம்பல். வாய்மொழி அவதூறில் சொன்ன சொல் சொன்ன மொழியில் அப்படியே வர வேண்டும். யாரிடம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, கேட்டவர் எங்கே இருந்தபோது என்று நான்கும் ஒரே பத்தியில் இருக்க வேண்டும். இப்படி:

"2025 ஆகஸ்ட் 14 அன்று மாலை சுமார் 6.40 மணிக்குப் பிரதிவாதி தன் கைபேசியிலிருந்து, மதுரை அண்ணாநகரில் தன் வீட்டில் இருந்த முதல் சாட்சியை அழைத்து, வாதியின் பெயரைச் சொல்லி, 'அவன் அட்வான்ஸ் வாங்கிட்டுக் கம்பி நீட்டுறவன், மூணு கல்யாணத்துல காசைச் சுருட்டியிருக்கான், உங்க காசும் போயிடும்' என்று சொன்னார். இந்தச் சொற்களை முதல் சாட்சி மதுரையில் கேட்டுப் புரிந்துகொண்டார்."

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். அதிகார வரம்பு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது. பேச்சு கன்னடத்தில் இருந்திருந்தால், கன்னடச் சொற்களை அப்படியே எழுதி, கீழே மொழிபெயர்ப்பைத் தர வேண்டும். கேட்டவருக்குக் கன்னடம் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். புரியாதவர் காதில் விழுந்தது வெளியீடு ஆகாது.

சாட்சியம் என்று வரும்போது, போனை எடுத்தவரே கூண்டில் ஏற வேண்டும். "அவர் என்னிடம் சொன்னார்" என்று நீங்கள் சொல்வது செவிவழிச் செய்தி, அதற்கு மதிப்பில்லை. வாடிக்கையாளர்கள் கோர்ட் என்றதும் ஒதுங்குவார்கள் என்பதால், வழக்குப் போடும் முன்பே யார் உறுதியாக வருவார் என்று பார்த்து, அவர் எடுத்த அழைப்பைச் சுற்றி வழக்கைக் கட்டுங்கள். பத்துப் பேரிடம் பேசியிருந்தாலும் உறுதியான இரண்டு சாட்சி போதும்.

அழைப்புப் பதிவு அந்த வாடிக்கையாளர் போனில் இருந்தால் பெரிய பலம். அந்தப் போனை விற்கவோ ஃபார்மேட் செய்யவோ வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு ஃபார்வேர்டு செய்த நகலை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் சிக்கல். மின்னணு ஆவணத்தை நகலாகத் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும் என்பதை 2020-இல் உச்ச நீதிமன்றம் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவை வைத்து உறுதி செய்தது. இப்போது அது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63. சான்றிதழுக்கு இரண்டு பாகம்: ஒன்று போன் வைத்திருப்பவர் தருவது, மற்றொன்று நிபுணர் தருவது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு நொடியை வெட்டினாலும் மாறிவிடும். ஆகவே பதிவை "சுத்தம்" செய்து, தேவையில்லாததை வெட்டி, சத்தம் கூட்டி அனுப்பும் வேலையெல்லாம் வேண்டாம்.

பதிவு இல்லையென்றால் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து அழைப்பு விவரப் பட்டியலைக் கோர்ட் மூலம் வரவழைக்கக் கேட்கலாம். அதில் பேச்சு இருக்காது. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நொடி என்பதுதான் இருக்கும். ஆனால் கேட்டவரின் போன் எந்த டவரில் இருந்தது என்பதும் அதில் தெரியும். காது மதுரையில் இருந்தது என்பதற்கு அதைவிட நடுநிலையான சாட்சி கிடைக்காது. இந்தப் பட்டியலை நிறுவனங்கள் காலவரையின்றி வைத்திருப்பதில்லை என்பதால் மனுவைத் தொடக்கத்திலேயே போட வேண்டும்.

நண்பரை வைத்து எதிராளிக்குப் போன் செய்யச் சொல்லி, "அவரைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்க வைத்துப் பதிவு செய்யும் யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். "வாதியே கேட்க வைத்தார், வாதியின் ஆளிடம்தான் சொன்னேன்" என்ற எதிர்வாதத்தை நீங்களே கையில் கொடுத்தது போலாகும்.

சாட்சி வெளிமாநிலத்தில் இருந்தால்? பெங்களூரில் வழக்குப் போட்டு மதுரை வாடிக்கையாளரைச் சாட்சியாக அழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆணை 16 விதி 19-இன்படி, கோர்ட் எல்லைக்கு வெளியே இருக்கும் சாட்சி 100 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் நேரில் வரக் கட்டாயப்படுத்தலாம். வழியில் ஆறில் ஐந்து பங்கு தூரத்துக்கு ரயிலோ பொதுப் போக்குவரத்தோ இருந்தால் அந்த எல்லை 500 கிலோமீட்டர். மதுரையிலிருந்து பெங்களூர் அந்த 500-க்குள் வந்துவிடுகிறது. அதே எதிராளி மும்பையில் இருந்தால் வராது. விமானக் கட்டணம் கொடுத்தால் மட்டுமே நேரில் வரச் சொல்லலாம். இல்லையென்றால் ஆணையர் ஒருவரை நியமித்துச் சாட்சி இருக்கும் ஊரிலேயே விசாரிக்கக் கேட்கலாம், அல்லது காணொலி வழியாக விசாரிக்க அனுமதி கேட்கலாம்.

கோர்ட் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பணம் கேட்கும் வழக்குக்குக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 2017 வரை இது 7.5 சதவீதமாக இருந்தது. 10 லட்சம் கேட்டால் 30,000 ரூபாய். "மானநஷ்டம் ஒரு கோடி" என்று நோட்டீஸில் எழுதக் காசு தேவையில்லை, பிராதில் எழுதினால் 3 லட்சம் கட்ட வேண்டும். போன மூன்று ஆர்டரின் லாபத்தைக் கணக்கிட்டு, அதோடு நற்பெயருக்கு நியாயமான ஒரு தொகையைச் சேர்த்துக் கேளுங்கள். ஆர்டர் போனதற்கு ஆதாரம் வேண்டும்: ரத்து செய்த வாட்ஸ்அப் செய்தி, திருப்பிக் கொடுத்த முன்பணத்தின் வங்கிப் பதிவு. ஏன் ரத்து செய்தார் என்பதை அந்த வாடிக்கையாளர் வாயாலேயே சொல்ல வேண்டும். "வேறொருவர் பத்தாயிரம் குறைத்துக் கேட்டார்" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த நஷ்டம் அவதூறின் கணக்கில் வராது. (சென்னையில் இருப்பவர்களுக்கு மட்டும்: ஒரு கோடிக்கு மேல் கேட்டால் வழக்கு உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவுக்குப் போகும். வழக்குக் காரணத்தின் ஒரு பகுதி சென்னைக்கு வெளியே நடந்திருந்தால் உயர் நீதிமன்றத்தின் அமைப்புச் சாசனமான லெட்டர்ஸ் பேட்டன்ட்டின் 12-ஆம் கூறின்படி முன் அனுமதி வாங்க வேண்டும். அதை மறந்துவிட்டுப் பின்னால் சரிசெய்ய முடியாது.)

தாக்கல் செய்யும் முன் உங்கள் சொந்தக் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை எதிராளியின் கண்ணோடு புரட்டிப் பாருங்கள். சிவில் வழக்கில் சொன்னது உண்மை என்று நிரூபித்தால் அதுவே முழுப் பாதுகாப்பு. குற்றவியலில் உண்மையோடு பொது நன்மையும் வேண்டும். எங்கோ ஒரு கல்யாணத்தில் முன்பணம் வாங்கி, வேலை நடக்காமல், பணத்தைத் திருப்பித் தர ஆறு மாதம் இழுத்திருந்தால் அது கூண்டில் வெளியே வரும். அவர் மேடையில் பேசாமல், சங்கத்தின் புகார் குழுவிடமோ போலீஸிடமோ நல்லெண்ணத்தோடு புகாராகச் சொல்லியிருந்தாலும் சட்டம் அவருக்குக் குடை பிடிக்கும்.

இடைக்காலத் தடை கேட்பதில் அளவு தெரிந்திருக்க வேண்டும். "வாதியைப் பற்றி எதுவுமே பேசக்கூடாது" என்று கேட்டால் கிடைக்காது. விசாரணைக்கு முன்பே வாயைக் கட்டும் தடைகளை எளிதில் தரக்கூடாது என்று 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொல்லியிருக்கிறது. அது பத்திரிகைச் செய்தி பற்றிய வழக்கு என்றாலும், தடை கேட்டுப் போகும் எவரிடமும் கோர்ட் அந்த எச்சரிக்கையோடுதான் பேசும். குறிப்பிட்ட வாசகத்தை, குறிப்பிட்ட வாடிக்கையாளர் வட்டத்தில் திரும்பச் சொல்லக் கூடாது என்று குறுக்கிக் கேளுங்கள்.

வெளிமாநிலத்துக்குச் சம்மன் போய்ச் சேர்வது தனிக் கலை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 28-இன்படி மதுரை கோர்ட் பெங்களூர் கோர்ட் வழியாகச் சம்மனைச் சார்வு செய்யலாம் (எதிராளியிடம் சேர்ப்பிக்கலாம்); அது நிதானமான வழி. கூடவே ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டிலும், கோர்ட் அனுமதித்தால் மின்னஞ்சலிலும் அனுப்பக் கேளுங்கள். முகவரியில் வீட்டு எண், மெயின், கிராஸ் என்ற தெரு எண்கள், பின்கோடு எல்லாம் இருக்க வேண்டும். பெங்களூரில் "கிராஸ்" எண் விட்டுப்போனால் தபால்காரர் திருப்பிவிடுவார். வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை என்று தெரிந்தும் வக்கீல்கள் அனுப்புவதற்கு இது ஒரு காரணம்: அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் முகவரி சரி என்று தெரிந்துவிடும். பிராதைத் தமிழில் போடுவதாக இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்துவிடுங்கள். சம்மன் சரியாகச் சார்வு ஆகாமல் ஒருதலைப்பட்சமாக வாங்கிய தீர்ப்பு காகிதப் புலி. அவர் வந்து, தனக்குச் சம்மன் வரவில்லை என்று ஆணை 9 விதி 13-இன்கீழ் மனுப் போட்டால் வழக்கு மறுபடி ஒன்றாம் கட்டத்துக்குப் போகும்.

வழக்கை அவர் பெங்களூருக்கு மாற்ற விரும்பினால் உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு சிவில் வழக்கை மாற்றுவது உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 25-இல், குற்றவியல் வழக்கை மாற்றுவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 446-இல் அந்த நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள அதிகாரம். தூரம் அதிகம் என்ற ஒன்றை மட்டும் வைத்து அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது.

ஜெயித்த பிறகு பணம் வாங்குவது. மதுரைத் தீர்ப்பாணை இந்தியா முழுக்கச் செல்லும், ஆனால் மதுரை கோர்ட் தன் எல்லைக்கு வெளியே இருக்கும் சொத்தை ஜப்தி செய்ய முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 39-இன்படி தீர்ப்பாணையைப் பெங்களூர் கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி மனுப் போட வேண்டும். தீர்ப்பாணை நகலும், பணம் இன்னும் வசூலாகவில்லை என்ற சான்றும் அங்கே போகும், நிறைவேற்று மனுவை அங்கே போட வேண்டும். கெடு 12 வருஷம் என்பதால் அவசரமில்லை. எதிராளி சம்பளக்காரர் என்றால் வேறு கணக்கு. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பாதுகாக்கப்பட்டவை. மிச்சத்தைத்தான் பிடிக்கலாம், அதுவும் ஒரு தீர்ப்பாணைக்கு மொத்தம் 24 மாதம் வரை. அவர் அரசு ஊழியர் அல்லது ரயில்வே ஊழியர் என்றால், சம்பளம் தரும் அதிகாரி எந்த மாநிலத்தில் இருந்தாலும் மதுரை கோர்ட்டே பிடித்தம் செய்ய உத்தரவு போடலாம். தனியார் கம்பெனி ஊழியர் என்றால், சம்பளம் தரும் அலுவலகம் மதுரை எல்லைக்குள் இருந்தால் மட்டுமே அது முடியும். இல்லையென்றால் மறுபடி பெங்களூர் கோர்ட்தான். எங்கே வழக்குப் போடுவது என்று முடிவெடுக்கும் முன்பே அவர் என்ன வேலை பார்க்கிறார், எங்கே சொத்து இருக்கிறது என்று விசாரித்துவிடுவது அதனால்தான்.